உதடு அசையாமல் ஒரு பட்டம்

1

அன்புள்ள பிள்ளைகளுக்கு,

நீங்கள் இப்போது படிக்கும் பள்ளிக்கூடத்தில்தான் நானும் படித்தேன். ஆண்டுவிழா மலருக்கு வெளிநாட்டில் இருக்கும் பழைய மாணவர்கள் ஏதாவது எழுதி அனுப்பவேண்டும் என்று உங்கள் அதிபர் கேட்டிருந்தார். ‘மாணவர்களுக்குப் பயன்படும் விதமாக’ என்றும் ஒரு வரி சேர்த்திருந்தார். அந்த வரியைப் பார்த்து இரண்டு கிழமை பயந்துகொண்டிருந்தேன். நான் லண்டனில் பஸ் ஓட்டுகிறவன். உங்களுக்குப் புத்தி சொல்ல எனக்கு என்ன தெரியும்?

பிறகுதான், எனக்கு நடந்த ஒன்றை அப்படியே எழுதினால் போதும் என்று தோன்றியது. இந்த மாதம் எனக்கு ஐம்பத்திரண்டு வயது. சென்ற மாதம் எனக்குப் பட்டம் கிடைத்தது. கையில் கொண்டு வேலை தேடித் திரியும் வயதில் கிடைக்கவேண்டியது, பேரப்பிள்ளையைக் கொண்டு திரியும் வயதில் வந்திருக்கிறது.

இதை எழுதும் மேசை பார்க்கிங் என்னும் ஊரில், எங்கள் சமையலறையில் இருக்கிறது. கார் நிறுத்துகிற இடம் என்று நினைத்துவிடாதீர்கள். கிழக்கு லண்டனில் அப்படி ஒரு ஊர். நான் போட்ட முதல் கடிதத்தின் விலாசத்தைத் தம்பி வாசித்து விளக்க, “என்ர பிள்ளை கார் விடுற இடத்திலையோ படுக்குது?” என்று அம்மா அழுதாராம்.

2

எல்லாம் ஒரு படிவத்தில் தொடங்கியது. என் மகள் அபி பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்த நாள். இதே மேசையில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு கேள்வியாக நிரப்பிக்கொண்டு வந்தாள். பெற்றோரில் ஒருவராவது பட்டம் பெற்றவரா என்று ஒரு கேள்வி.

“அப்பா, நீங்கள் யூனிக்குப் போனீங்கள் தானே? யெஸ் போடவா?”

நான் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன். “இல்லை எண்டு போடு.”

“பட் யூ வென்ட்!”

“போனனான். முடிக்கேல்லை.”

அவள் ஒரு விநாடி என்னைப் பார்த்தாள். பிறகு ‘இல்லை’ என்பதற்கு எதிரே இருந்த சின்ன வட்டத்தில் புள்ளி போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள். அவளுக்கு அது நாற்பது கேள்விகளில் ஒன்று. நான் வெட்டிய வெங்காயத்தையே திரும்பவும் வெட்டிக்கொண்டு நின்றேன்.

கம்பசில் நான் படித்தது ஒரு வருடமும் நாலு மாதமும். கணிதம். பிறகு சண்டை கிட்ட வந்தது. கம்பஸ் மூடியது. ஊரோடு ஊராக நடந்தோம். பாடக் கொப்பி கிடந்த பையைவிட அரிசி கிடந்த பை முக்கியமாக இருந்தது. அங்கிருந்து கொழும்பு, கொழும்பிலிருந்து இங்கே. இங்கே வந்த பிறகு எந்தப் படிவத்தில் கல்வித் தகுதி கேட்டாலும் அந்த இடத்தில் என் பேனா கொஞ்ச நேரம் நின்றுதான் போகும்.

எங்கள் பஸ் டிப்போவில் வேலை செய்யும் ரவி என்ற தம்பிதான் வழி சொன்னான். “வகுப்புக்குப் போகத் தேவையில்லை அண்ணை. தெரிஞ்சதைச் சோதினை எழுதிக் காட்டினால் காணும். ஒன்லைனிலயே டிகிரியை முடிக்கலாம். நானும் அப்பிடித்தான் முடிச்சனான்.”

விளக்கமாகச் சொல்கிறேன். ஒரு பாடம் உங்களுக்கு ஏற்கெனவே தெரியும் என்றால் அதற்காக ஒரு வருடம் வகுப்பில் உட்காரத் தேவையில்லை. ஒரு பொதுச் சோதனை எழுதிக் குறிப்பிட்ட புள்ளி எடுத்தால், அந்தப் பாடத்தை முடித்ததாக ஒரு கல்லூரி ஏற்றுக்கொள்ளும். அப்படி ஏற்றுக்கொள்வதற்கு கிரெடிட் என்று பெயர். தேவையான அளவு கிரெடிட் சேர்ந்தால் பட்டம். கல்லூரி அமெரிக்காவில் இருக்கிறது. நான் அதன் வாசலைக்கூடக் கண்டதில்லை.

கம்பசில் எடுத்த முதலாம் வருடப் புள்ளிகளையும் அனுப்பினால் சேர்த்துக்கொள்வோம் என்றார்கள். ஊரில் ஒரு கிளார்க் அம்மா பழைய பதிவேடுகளைப் பதினொரு மாதம் கிண்டி என் பெயரைக் கண்டுபிடித்தார். போனில் அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. “தம்பி, உங்கட பட்ச்சில கனபேர் முதலாம் வருசத்தோடயே நிக்கினம்.”

3

கணிதம், புள்ளிவிபரம், பொருளியல், குழந்தை உளவியல் என்று வேலைக்குப் போன நேரம் தவிர்ந்த நேரமெல்லாம் படித்தேன். காலை ஷிப்ட் முடிந்ததும் டிப்போ கன்ரீனில் ஒரு மூலையில் இருந்து வாசிப்பேன். “என்ன அண்ணை, பஸ்சுக்கு மந்திரிக்கிறியளோ?” என்று ரவி பகிடி பண்ணுவான். அவன் ஏன் அப்படிக் கேட்டான் என்று அப்போது நான் யோசிக்கவில்லை.

அந்தச் சோதனைகளை எல்லாம் நகரத்தில் ஒரு நிலையத்தில் நேரே போய் எழுதினேன். அங்கே மேற்பார்வைக்கு ஒரு வயதான பெண் இருந்தார். என்னைப் பார்த்துச் சிரிப்பார், வேறொன்றும் சொல்லமாட்டார். பிறகு அந்த நிலையத்தை மூடிவிட்டார்கள். கடைசியாக மிச்சமிருந்த ஒரே பாடம் ஆங்கில இலக்கியம். அதை வீட்டில், கமராவுக்கு முன்னால் இருந்துதான் எழுதவேண்டும். வருட முடிவுக்குள் அதை முடிக்காவிட்டால் கல்லூரியின் புதிய விதிகளுக்குள் போய்விடுவேன். அதன்படி இன்னும் ஐந்து பாடங்கள், எல்லாம் குறித்த நேரத்தில் கணினி முன்னால் இருந்து கேட்கவேண்டிய வகுப்புகள். அவை நடக்கும் நேரத்தில் நான் பஸ்சில் இருப்பேன். ஆகவே இந்த ஒன்றோடு பட்டம் கிடைக்கவேண்டும். இல்லையென்றால் இல்லைதான்.

ஆனி மாதம், ஒரு சனிக்கிழமை மத்தியானம் இரண்டு மணி. உலகத்தின் எந்த மூலையிலோ இருந்து ஒருவர் கமரா வழியாக என்னைக் கண்காணித்தார். அவர் முகம் எனக்குத் தெரியாது. எழுத்தில் கட்டளைகள் மட்டும் திரையில் வரும். அறையைச் சுற்றிக் காட்டச் சொன்னார். சுவரில் எழுத்து இருக்கிறது, அகற்றுங்கள் என்றார். அது தமிழ்க் கடையில் தந்த நாட்காட்டி. கழற்றினேன். இன்னும் எழுத்து இருக்கிறது என்றார். பிள்ளையார் படத்தின் கீழே நகைக்கடையின் பெயர் அச்சடித்திருந்தது. கழற்ற மனமில்லாமல் படத்தைத் திருப்பிவிட்டேன்.

கதவுக்கு வெளியே நின்ற என் மனைவி வதனிக்குப் பொறுக்கவில்லை. “என்னப்பா இது? பிள்ளையாரைச் சுவரைப் பாக்க விட்டிட்டோ சோதினை எழுதப்போறியள்?”

“நீர் கதையாதேயும். குரல் கேட்டால் நிப்பாட்டிப் போடுவினம்.”

அவள் வாயைப் பொத்திக்கொண்டு போனாள். நிற்பாட்டப்போவது அவள் குரலுக்காக அல்ல என்று எங்கள் இருவருக்கும் தெரியாது.

பத்து நிமிடம் ஆகியிருக்காது. திரையின் ஓரத்தில் ஒரு வரி வந்தது. பேசவேண்டாம். நான் பேசவில்லை என்று தட்டினேன். உங்கள் உதடுகள் அசைகின்றன, ஒலியும் கேட்கிறது என்று பதில் வந்தது. வாயை இறுக்கி மூடிக்கொண்டேன். பிள்ளைகளே, வாயை மூடியதும் எனக்கு வாசிக்க முடியவில்லை. எழுத்துகள் கண்ணில் பட்டன, உள்ளே இறங்கவில்லை. அதே வரியை நாலு தரம் பார்த்தேன். ஐந்தாம் தரம் அது விளங்கியபோது, என் வாய் தானாகத் திறந்திருந்தது. இரண்டாம் எச்சரிக்கை. கொஞ்ச நேரத்தில் மூன்றாவது. திரை வெள்ளையாகிவிட்டது. பாதிக் கேள்விகள் அதற்குள்ளேயே நின்றுவிட்டன.

நான் பிள்ளையாரைத் திருப்பி வைத்துவிட்டு, இருந்த இடத்திலேயே இருந்தேன்.

4

எங்கள் வீட்டில் காலை ஐந்து மணிக்கு மூன்று குரல்கள் எழும்பும். அக்கா தமிழ் இலக்கணம், நான் பூமிசாத்திரம், தம்பி வாய்ப்பாடு. சண்டைக் காலத்தில் மின்சாரம் இல்லை. ஜாம் போத்தலில் திரி போட்ட விளக்கு ஒன்றுதான், அதைச் சுற்றி மூன்று பேர். மற்றவர் குரல் தன் காதில் விழக்கூடாது என்று ஒவ்வொருவரும் மற்றவரைவிட உரத்து வாசிப்போம். அம்மா அடுப்படியில் இருப்பார். அவர் படித்தது மூன்றாம் வகுப்பு. நாங்கள் வாசிப்பது சரியா பிழையா என்று அவருக்குத் தெரியாது. ஆனால் ஒரு குரல் நின்றுவிட்டால் தெரியும்.

“என்ன, நடுவிலானின்ர சத்தத்தைக் காணேல்லை?”

நடுவிலான் நான்தான். நித்திரை தூங்கிய தலை நிமிர்ந்துவிடும். சத்தம் வந்தால் படிக்கிறான். சத்தம் இல்லையென்றால் படிப்பில் களவு. எங்கள் ஒழுங்கையில், அந்தச் சின்னத் தெருவின் எல்லா வீட்டிலும் அதே கணக்குத்தான். சோதனைக் காலத்தில் விடிய முன்னம் அந்த வழியால் சைக்கிளில் போனால், ஒரு வீட்டில் தொடங்கிய பாடத்தை அடுத்த வீட்டில் தொடர்ந்து கேட்கலாம்.

லண்டனில் என் வீடு சத்தம் இல்லாத வீடு. அபி சின்ன வயதில் படிக்கத் தொடங்கியபோது கதவு சாத்தியிருக்கும். பிறகு காதில் ஹெட்போன் வந்தது. அவள் படிக்கிறாளா, அழுகிறாளா, நித்திரையா என்று கதவுக்கு இந்தப் பக்கம் நின்று எனக்குச் சொல்லத் தெரியாது. அவள் கெட்டிக்காரி, எல்லாச் சோதனையிலும் நல்ல புள்ளி. ஆனால் இருபது வருடத்தில் ஒரு நாள்கூட என் பிள்ளை படிக்கும் சத்தத்தை நான் கேட்டதில்லை.

அங்கே சத்தம் போடாமல் இருந்தால் சந்தேகம். இங்கே சத்தம் வந்தால் சந்தேகம். நான் ஒரே ஆள்தான்.

5

இரண்டு கிழமையில் கடிதம் வந்தது. பதிவான ஒலியில் வேற்றுமொழிச் சொற்களும் இருந்தன என்று எழுதியிருந்தார்கள். உண்மைதான். விளங்காத இடத்தில் தமிழில் சொல்லிப் பார்ப்பேன். ஏமாற்றியதாக நிரூபணம் இல்லை, ஆனால் பெறுபேறு ரத்து. மூன்று மாதம் கழித்து ஒரு தரம் எழுதலாம். மறுபடியும் இப்படி நடந்தால் இனி எப்போதும் எழுதமுடியாது. கடைசியில் ஒரு குறிப்பு: மருத்துவரின் கடிதத்தோடு இயலாமைப் படிவத்தை நிரப்பினால், சத்தமாக வாசிக்க அனுமதி தரலாம்.

அபி துள்ளி எழுந்தாள். “தெயார் யூ கோ! அப்பா, ஃபோமை நிரப்புங்கோ. ஈஸி.”

“எனக்கு ஒரு நோய் வருத்தமும் இல்லையே.”

“இட்ஸ் ஜஸ்ட் எ பொக்ஸ், அப்பா.”

“ஒரு டிக் தானேயப்பா,” என்று வதனியும் சேர்ந்துகொண்டாள். “டொக்டரிட்ட நான் கதைக்கிறன்.”

நிரப்பத்தான் உட்கார்ந்தேன். இந்தக் குறை எப்போது தொடங்கியது என்று ஒரு கேள்வி. ஐந்து வயதில் என்று எழுதினேன். குடும்பத்தில் வேறு யாருக்காவது உண்டா என்று அடுத்த கேள்வி. அக்காவுக்கு, தம்பிக்கு, ஒழுங்கையில் எல்லாருக்கும், என் வகுப்பில் நாற்பத்திரண்டு பேருக்கும். அதற்கு மேல் பேனா போகவில்லை. அந்தப் படிவம் உண்மையில் தேவைப்படுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுடைய வரிசையில் போய் நான் நிற்கக்கூடாது. இன்னொன்றும் இருந்தது. அம்மா அடுப்படியில் இருந்து காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்ததை நான் ஒரு நோயின் பெயரில் எழுதிக் கொடுக்க விரும்பவில்லை.

“ஏலாது பிள்ளை,” என்றேன்.

“ஸோ யூ வுட் ரதர் ஃபெயில்?” அபிக்குக் கோபம் வந்தால் தமிழ் முழுதாகப் போய்விடும். மேலே போய்க் கதவைச் சாத்தினாள். நானும் படிவத்தை மடித்து வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டேன்.

அடுத்த நாள் பின்னேரம் அவளே இறங்கி வந்தாள். கையில் ஒரு கிளாஸ் தண்ணீர்.

“குடியாதேங்கோ. வாயில வச்சிருங்கோ. இப்ப வாசியுங்கோ.”

முதலாம் பக்கத்திலேயே விழுங்கிவிட்டேன். இரண்டாம் தரம் புரைக்கேறிப் புத்தகமெல்லாம் தண்ணீர். அபி மேசையில் தலையை வைத்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை எத்தனை வருடமாகக் கேட்கவில்லை என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

ஒவ்வொரு நாளும் அரை மணித்தியாலம். எனக்கு எதிரே இருந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பாள். “அப்பா, லிப்ஸ்.” கொஞ்ச நேரம் கழித்து, “லிப்ஸ்.” ஒவ்வொரு அசைவுக்கும் தாளில் ஒரு கோடு போடுவாள். முதல் நாள் அறுபத்தொரு கோடு. வதனி எட்டிப் பார்த்து அபியிடம், “உன்ர கொப்பர் வாயை மூடியிருந்து நான் இண்டைக்குத்தான் காணுறன்,” என்பாள்.

6

புரட்டாதியில் அபி போய்விட்டாள். இரண்டு வருடம் வீட்டிலிருந்தே பல்கலைக்கழகம் போய்வந்தவளுக்கு மூன்றாம் வருடம் வேலைப் பயிற்சி, லீட்ஸ் நகரத்தில். காரில் நாலரை மணித்தியாலம். அவளுடைய பெட்டிகளை இறக்கிவிட்டு நானும் வதனியும் திரும்பினோம். வீட்டுக்கு வந்து நான் மேலே போய் அவள் அறைக் கதவைச் சாத்தினேன். அது வழக்கம்போலச் சாத்தியிருந்தால் நல்லது போல இருந்தது.

கோடு அப்போது இருபதுக்கு வந்திருந்தது. இருபது இன்னும் அதிகம். சோதனை கார்த்திகை மாதம்.

அவள்தான் யோசனை சொன்னாள். “ஞாயிறு செவன் ஓ க்ளொக். லப்டொப்பைத் திறவுங்கோ, நான் லிங்க் அனுப்புறன். நான் கமராவில பாக்கிறன். எக்ஸாம் மாதிரியே இருக்கும்.”

அப்படியே நடந்தது. ஞாயிறு பின்னேரம் ஏழு மணி. திரையில் அவள் முகம், அவள் திரையில் என் முகம். நான் வாசிப்பேன். அவள் தன் அலுவலக வேலை எதையாவது செய்துகொண்டே என்னைக் கவனிப்பாள். இருவரும் ஒன்றும் கதைப்பதில்லை. அவள் தட்டச்சு செய்யும் சத்தம் கேட்கும். இடையில் மூக்கை உறிஞ்சுவாள், தனக்குள் ஏதோ முணுமுணுப்பாள். என் பிள்ளை வேலை செய்யும் சத்தத்தை முதல் தரமாக அப்படித்தான் கேட்டேன்.

நடுவில் பத்து நிமிட இடைவேளை. அதில்தான் அவள் கதைப்பாள். வேலை இடத்தில் ஒரு பெண் இவளுடைய பெயரை மூன்று விதமாகக் கூப்பிடுவது, சோறு அடிப்பிடித்தது, குளிர். ஒரு நாள் திடீரென்று, “அப்பா, கம்பசில உங்கட ஃபிரெண்ட்ஸ் எல்லாம் முடிச்சவையே?” என்று கேட்டாள். சிலர் முடித்தார்கள், சிலரைப் பற்றித் தெரியாது, மூன்று பேர் உயிரோடு இல்லை என்று சொன்னேன். பெயர்களைக் கேட்டாள். சொன்னேன். ஒவ்வொரு பெயரையும் பிழையில்லாமல் திரும்பச் சொல்லிப் பார்த்தாள். இடைவேளை அன்று பத்து நிமிடத்தைத் தாண்டிவிட்டது.

கோடு ஒன்பதானது. ஐந்தானது. கடைசி ஞாயிறு இரண்டு.

7

சோதனை அன்று வதனி பிள்ளையாரை முதலே கழற்றித் தன் மடியில் வைத்துக்கொண்டு மாடிப்படியில் போய் இருந்தாள். கண்காணித்தவர் இம்முறை ஒரே ஒரு தரம்தான் எழுதினார்: கொஞ்சம் கமராவுக்குக் கிட்ட வரவும். முக்கால்வாசியில் ஒரு நீளமான கவிதை வந்தது. அதை வாயால் சொல்லவேண்டும் என்று தொண்டை துடித்தது. நாக்கைப் பல்லுக்குப் பின்னால் அழுத்திப் பிடித்துக்கொண்டு வாசித்தேன். விளங்கியது. ஆனால் அது யாரோ கண்ணாடிக்கு அப்பால் நின்று கதைப்பது போல விளங்கியது.

முடித்ததும் அதே திரையில் பெறுபேறு வந்தது. சித்தி, தேறிவிட்டேன். வேண்டிய புள்ளிக்கு மேல் நாலு.

வதனி அழுதாள். அபி போனில் கத்திய கத்தில் அவளுடைய வீட்டுத் தோழி ஓடி வந்தாளாம். ரவி டிப்போவில் எல்லாருக்கும் கேக் வெட்டினான். சில நாளில் பட்டம் மின்னஞ்சலில் வந்தது. அச்சடித்து எடுத்துப் பார்த்தேன். என் முழுப் பெயரும் இருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு, முதலாம் வருடத்தோடு நின்ற என் வகுப்பாரை நினைத்தேன்.

அந்த ஞாயிறு ஏழு மணிக்கு மடிக்கணினியைத் திறந்துவைத்துக்கொண்டு மேசையில் இருந்தேன்.

“என்னப்பா, சோதினைதான் முடிஞ்சுதே,” என்றாள் வதனி.

“ஓம், முடிஞ்சுது.”

அபி அன்று லிங்க் அனுப்பவில்லை. ஏன் அனுப்பவேண்டும்? அடுத்த ஞாயிறு சிநேகிதிகளோடு வெளியே போவதாக ஒரு செய்தி வந்தது. அதற்கடுத்த ஞாயிறு ஒரு இதயப் படம் மட்டும். அவள் மேல் பிழை இல்லை. அவள் என் கண்காணிப்பாளர், சோதனை முடிந்தால் கண்காணிப்பும் முடிந்தது.

நான் இன்னொரு காரியம் செய்தேன், பிள்ளைகளே. உங்கள் அதிபர் இதைப் பயனுள்ளது என்று சொல்வாரோ தெரியாது. சென்ற கிழமை மானிடவியலுக்குப் பதிந்துவிட்டேன். அந்தப் பாடத்தால் எனக்கு எந்தப் பட்டமும் இல்லை, கல்லூரிக்கு அது தேவையும் இல்லை. சோதனை பங்குனியில். பதிந்துவிட்டு அபிக்குப் போன் எடுத்தேன்.

“அப்பா, உங்களுக்கு டிகிரி கிடைச்சிட்டுது.”

“ஓம்.”

“தென் வை?”

“நீளமான பாடம், பிள்ளை. வாசிக்கக் கனக்கக் கிடக்கு. கமராவில யாராவது பாக்காட்டி…”

அந்தப் பக்கம் பஸ் ஒன்று போவதும், யாரோ சிரிப்பதும் தூரத்தில் கேட்டன.

“ஞாயிறு ஏழு மணி,” என்றாள் அபி. “லேட்டாகக் கூடாது. அறையையும் சுத்திக் காட்டவேணும்.”